ஒரு பொதுத்துறை போர்டின் காலி இடங்களை நிரப்பிய கதை

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் இயக்குநர் நியமனம் என்றால் எல்லாரும் பிஇஎஸ்பி என்கிற பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியத்தைத்தான் நினைப்பார்கள். சிஎம்டி என்கிற தலைவர்-நிர்வாக இயக்குநர், நிதி இயக்குநர், மனிதவள இயக்குநர் மாதிரியான முழுநேரப் பதவிகளுக்கு அதுதான் வாசல். விளம்பரம், நேர்காணல், பரிந்துரை என்று அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. பத்திரிகைகளும் அதைத்தான் எழுதும். நிர்வாகத்தில் இல்லாமல் வெளியிலிருந்து வந்து இயக்குநர் குழுவான போர்டில் உட்காரும் சுயேச்சை இயக்குநர்கள் வருவது வேறு வழியில். அமைச்சகம்தான் பெயர்களைக் கிளப்ப வேண்டும், தேடல் குழு பார்க்க வேண்டும், கடைசியில் அமைச்சரவையின் நியமனக் குழுவான ஏசிசி ஒப்புதல் தர வேண்டும். இந்தக் கோப்பைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை சில வருடம் என்னுடையதாக இருந்தது. மத்திய அமைச்சகம் ஒன்றில் பொதுத்துறைப் பிரிவைக் கவனிக்கும் இணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட, கொஞ்சம் கூடுதல் நிதி அதிகாரம் தரப்பட்ட மினிரத்னா முதல் வகை நிறுவனம் என்று தெரிந்தால் போதும்.

அதன் போர்டில் சிஎம்டியையும் சேர்த்து நான்கு முழுநேர இயக்குநர்கள். அரசு நியமன இயக்குநர்கள் இரண்டு பேர், அதில் நான் ஒருவன். தலைவரே நிர்வாகத்தையும் நடத்துகிற பட்டியலிட்ட நிறுவனம் என்றால் போர்டில் பாதிப் பேர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி ஆறு பேர் தேவை. நான் பொறுப்பேற்றபோது ஒருவர்தான் மிச்சம். மற்றவர்களின் மூன்று வருடப் பதவிக்காலம் ஒரே நாளில் முடிந்திருந்தது. முடியப்போகிற தேதி நியமன ஆணையிலேயே மூன்று வருடம் முன்பு அச்சாகியிருக்கிறது. இருந்தும் கோப்பு திறக்கப்படவில்லை.

காலியாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிமுறையில் 17-ஆம் ஒழுங்குமுறைப்படி போர்டின் அமைப்பு சரியில்லையென்றால் பங்குச்சந்தை ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். கணக்குகளை அலசும் ஆடிட் கமிட்டி சரியில்லையென்றால் தனியாக நாளுக்கு 2,000. 92 நாள் காலாண்டுக்கு, ஜிஎஸ்டியோடு சேர்த்து, முதலாவது மட்டும் 5,42,800 ரூபாய் வரும். இரண்டு சந்தைகளில் பட்டியலிட்டிருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். கோடிகளில் லாபம் ஈட்டும் நிறுவனத்துக்கு இது சில்லறைதான். ஆனால் காலாண்டு தவறாமல் இந்த அபராதத்தைப் பங்குதாரர்களுக்கு அறிவிக்க வேண்டும், செயலகத் தணிக்கை அறிக்கையிலும் அது ஒரு குறையாகப் பதிவாகும்.

போர்டு வேலைகளையும் சட்டப் படிவங்களையும் கவனிக்கும், அந்த நிறுவனத்தின் கம்பெனி செக்ரட்டரி ஒரு தமிழ்ப் பெண்மணி. அபராத நோட்டீஸ் வந்ததும் எனக்குப் போன் செய்வார். "சார், இந்தத் தடவையும் அதே லெட்டர்தான் சார், தேதி மட்டும் மாத்தியிருக்கேன்" என்பார். அது சந்தைகளுக்குப் போகும் கடிதம். எங்கள் உள்விதிகளான சங்கவிதிகளின்படி இயக்குநர்களை நியமிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே உரியது, நிறுவனத்தின் கையில் எதுவும் இல்லை, அமைச்சகத்தைத் தொடர்ந்து கேட்டு வருகிறோம், எனவே அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் என்பது அதன் சாரம். சொல்வது அத்தனையும் உண்மை.

அந்தக் கடிதத்தில் வருகிற 'அமைச்சகம்' நான்தான். போர்டு கூட்டத்தில் உட்கார்ந்து, காலி இடங்களை நிரப்பக் கோரி அமைச்சகத்துக்கு எழுதுவது என்ற தீர்மானத்துக்கு நானும் சம்மதம் சொல்வேன். சில நாளில் அதே கடிதம் இ-ஆபீஸ் வழியாக என் திரைக்கு வந்து சேரும். பக்கத்துக் கோப்பில் அதே நிறுவனத்தின் செயல்திறன் மதிப்பீடு இருக்கும். மார்க் போடுகிற மேசையும் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிற மேசையும் ஒன்றேதான்.

இந்த மதிப்பீடு அர்ஜுன் சென்குப்தா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1980-களில் வந்த எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) முறை. வருடா வருடம் நிறுவனம் அடைய வேண்டிய இலக்குகளை எழுதிக் கையெழுத்திடுவார்கள். 90-ஐத் தொட்டால் 'எக்ஸலன்ட்', 70-க்கு மேல் 'வெரி குட்' என்று ஐந்து படி. 2017 ஊதியத் திருத்தத்துக்குப் பிறகு அதிகாரிகளின் செயல்திறன் ஊதியம் நேராக இந்தப் படியோடு கட்டப்பட்டுவிட்டது. எக்ஸலன்ட் வாங்கினால் கணக்கின் அந்தப் பகுதி 100 சதவீதம், வெரி குட்டுக்கு 75, குட்டுக்கு 50. ஒரு படி இறங்கினால் இளநிலை அதிகாரியின் பையில்கூட அது தெரியும்.

இலக்குகளைப் பேசி முடிவு செய்வது அமைச்சகங்களுக்கு இடையிலான குழு. வருடம் முழுக்க நிறுவனத்தைக் கேள்வி கேட்கிற அமைச்சகம் அந்த அறைக்குள் போனதும் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்துவிடும், இது ஒரு வேடிக்கை. இலக்கு எளிதாக இருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி அல்லவா. எதிரே பொதுத்துறை நிறுவனங்கள் துறை, டிபிஇ. கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழ் இருந்த அந்தத் துறை 2021 ஜூலையில் நிதியமைச்சகத்துக்குப் போனது. போன பிறகு மூலதனச் செலவைப் பற்றிய கேள்விகள் கூர்மையானதாக எனக்குப் பட்டது.

எங்களுக்கு அடி விழுந்தது அந்த மூலதனச் செலவில்தான். மினிரத்னா முதல் வகை நிறுவனம் 500 கோடி ரூபாய் அல்லது தன் நிகர மதிப்பு, இதில் எது குறைவோ அதுவரை அரசைக் கேட்காமலே முதலீடு செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். போர்டில் குறைந்தது மூன்று அலுவல்சாரா இயக்குநர்கள், அதாவது சுயேச்சை இயக்குநர்கள், இருந்தால்தான் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியும். அதற்கு மேல் படியான நவரத்னாவுக்கு நான்கு பேர். எங்களிடம் இருந்தது ஒருவர். அதனால் போர்டே முடித்திருக்கக்கூடிய ஓர் இயந்திரக் கொள்முதல் திட்டம் அமைச்சகத்துக்கு வந்தது, நிதிப் பிரிவுக்குப் போனது, கேள்விகளோடு திரும்பியது. அந்த நிதியாண்டுக்குள் செலவாகியிருக்க வேண்டிய பணம் செலவாகவில்லை. ஆண்டு இறுதியில் மூலதனச் செலவு இலக்கு தவறியது என்று மதிப்பெண் குறைந்தது. கார்ப்பரேட் கவர்னன்ஸ் (நிறுவன நிர்வாக ஒழுங்கு) காலாண்டு அறிக்கையில் போர்டின் அமைப்புக்கும் ஆடிட் கமிட்டிக்கும் உள்ள மதிப்பெண்ணும் கைவிட்டுப் போனது. ஆய்வுக் கூட்டத்தில் சிஎம்டி கொஞ்சம் சூடாகவே கேட்டார்: "நாற்காலிக்கு ஆள் அனுப்ப வேண்டியது நீங்க. மார்க் குறையறது மட்டும் எங்களுக்கா?" யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் அந்த வாக்கியம் இடம்பெறவும் இல்லை.

சரி, நியமனத்துக்கு வருகிறேன். டிபிஇ வகுத்த தகுதிகள் தெளிவானவை. இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் பத்து வருடம் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி, பேராசிரியர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், தொழில்துறையில் பெயர் வாங்கியவர் என்று வகைகள் உண்டு. பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பல திசைகளிலிருந்து வரும். ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பில் முக்கால் பக்கம் பொதுச்சேவையும் கால் பக்கம் தொழில் அனுபவமும் இருந்தால் அது எந்தத் திசை என்று படிப்பவருக்கே புரிந்துவிடும். நான் செய்ய முடிந்தது ஒன்று: போர்டுக்கு எந்தத் திறமை தேவை என்று சிஎம்டியிடம் எழுத்தில் வாங்கி, கோப்பின் முதல் பக்கத்தில் வைத்தேன். நிதி தெரிந்தவர் ஒருவர் கட்டாயம், தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவர், பெண் சுயேச்சை இயக்குநர் ஒருவர். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களுக்குள் வரும் நிறுவனம் என்பதால் கடைசியது விருப்பத்துக்கு விடப்பட்டதில்லை. மேலே போகிற ஒவ்வொருவரும் பெயர்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்தாக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஓரளவு வேலை செய்தது.

அப்புறம் சரிபார்ப்பு. முழு வேலையிலும் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். பட்டியலில் இருந்த ஆடிட்டர் ஒருவரின் குறிப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. கம்பெனி செக்ரட்டரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் முந்தைய ஆண்டறிக்கையைத் திறந்தார். கிளைத் தணிக்கையாளர்கள் பட்டியலில் ஐந்தாவதோ ஆறாவதோ வரியில் அவருடைய நிறுவனத்தின் பெயர். முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அந்தக் கம்பெனியின் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர் அங்கே சுயேச்சை இயக்குநராக முடியாது, கம்பெனிகள் சட்டம் 149(6) அதை நேராகவே சொல்கிறது. அரசு நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவின் சில வரிகளிலிருந்து 2015-இல் விலக்கு தந்தார்கள். இந்த வரிக்கு விலக்கு இல்லை. அவரே அதை யோசிக்கவில்லை போல. சொன்னதும் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், துறையில் மதிப்புள்ளவர். இயக்குநர்களுக்கு அடையாளமாகத் தரப்படும் அவருடைய டிஐஎன் எண்ணைப் போட்டுப் பார்த்தால் முடக்கப்பட்டிருந்தது. உறவுக்காரப் பையன் ஆரம்பித்த சின்னக் கம்பெனியில் பெயருக்கு இயக்குநராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கம்பெனி தொடர்ந்து மூன்று வருடம் ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்யவில்லை. 164(2) பிரிவின்படி ஐந்து வருடம் எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. நான் போனில் சொன்னபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. இந்தப் பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் பெயர் எந்தெந்தக் கம்பெனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். குடும்பத்துக்காகப் போட்ட பழைய கையெழுத்து அங்கே வந்து நிற்கும்.

ஐஐசிஏ என்கிற இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனம் நடத்தும் சுயேச்சை இயக்குநர்களுக்கான தரவு வங்கியிலும் நியமனத்துக்கு முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும். 2019 டிசம்பரில் வந்த விதி இது. விலக்கு இல்லாதவர்கள் பதிந்த இரண்டு வருடத்துக்குள் ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். மூத்த மனிதர்கள் சிலருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. எனக்கென்னவோ அது நல்ல விதிதான். ஒரு தடவையாவது சட்டத்தைப் புரட்ட வைக்கிறதே.

தேடல் குழுவுக்குப் பிறகு கோப்பு அமைச்சரின் ஒப்புதலோடு ஏசிசிக்குப் போகும். அந்தக் குழுவில் பிரதமரும் உள்துறை அமைச்சரும்தான். அங்கே கோப்பு எவ்வளவு காலம் இருக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. ஒரு பெயருக்கு விளக்கம் கேட்டுத் திரும்பியது. அனுப்பினோம். மறுபடியும் காத்திருந்தோம். இதற்கிடையில் இன்னொரு காலாண்டு, இன்னொரு அபராதம், தேதி மாற்றிய இன்னொரு கடிதம்.

அந்த இடைவெளியில்தான் ஆண்டுக் கணக்கு வந்தது. பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆடிட் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும், கூட்டம் நடக்கவே இரண்டு பேர் உள்ளே இருக்க வேண்டும். இருப்பவர் ஒருவர். கமிட்டியைக் கூட்ட வழியில்லாமல் கணக்கு நேராக போர்டுக்கு வந்தது. அந்த ஒரே சுயேச்சை இயக்குநர், வங்கித் துறையிலிருந்து வந்தவர், கூட்டம் முழுக்கத் தனியாகக் கேள்வி கேட்டார். கையிருப்புச் சரக்கின் மதிப்பு, மூன்று வருடத்துக்கு மேல் வராத கடன், வழக்கில் இருக்கும் தொகைக்கான ஒதுக்கீடு எல்லாம் கேட்டார். கமிட்டியில் நிதானமாக அலச வேண்டியதை, சாப்பாட்டு நேரம் நெருங்கும் போர்டு கூட்டத்தில் ஒருவர் எவ்வளவு அலச முடியும்? அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அலுவலகத்தின் துணைத் தணிக்கையில் பிறகு எழுந்த கேள்விகளில் சில, அவர் அன்று கேட்டவைதான்.

ஏசிசி ஒப்புதல் வந்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. குடியரசுத் தலைவரின் பெயரால் அமைச்சக ஆணை, இயக்குநராகச் சம்மதிக்கும் டிஐஆர்-2, தகுதியிழப்பு இல்லை என்னும் டிஐஆர்-8, வேறு எங்கெல்லாம் தொடர்பு என்று சொல்லும் எம்பிபி-1, போர்டில் கூடுதல் இயக்குநராகச் சேர்ப்பு, 30 நாளுக்குள் டிஐஆர்-12 தாக்கல். கம்பெனி செக்ரட்டரி எல்லாப் படிவங்களையும் முன்பே நிரப்பி, கையெழுத்துக்கான இடத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்திருந்தார். புதிய ஆடிட் கமிட்டி கூடிய வாரத்திலேயே வராக்கடன் பட்டியலைக் கேட்டு வாங்கியது. அடுத்த போர்டு கூட்டத்தில் இரண்டு முதலீட்டுத் திட்டங்கள் அமைச்சகத்துக்கு வராமலே முடிவாயின. அபராதத்தில் ஒரு பகுதியைச் சந்தைகள் தள்ளுபடி செய்தன.

எனக்குத் திருப்தி தராத ஒன்று உண்டு. புதியவர்கள் ஐந்து பேரையும் ஒரே ஆணையில், ஒரே நாளில் நியமித்தோம். மூன்று வருடம் கழித்து ஐந்து பேரும் ஒரே நாளில் போவார்கள். இரண்டு பேருக்கு மட்டும் பதவிக்காலத்தைத் தள்ளி வைத்தால் போர்டு ஒருபோதும் வெறுமையாகாது என்று குறிப்பு எழுதிப் பார்த்தேன். எல்லாருக்கும் வழக்கம் 'மூன்று வருடம் அல்லது மறு ஆணை வரை, எது முந்தையதோ' என்பதுதான், ஒரு நிறுவனத்துக்காக மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அதனால் நான் கிளம்பும்போது எழுதிய பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் அந்தத் தேதியை முதல் வரியாகப் போட்டு, ஒரு வருடம் முன்பே பெயர்களைக் கேட்டு எழுதும்படி சொல்லியிருந்தேன். எனக்குப் பின் வந்தவர் சொன்னபடி கோப்பைத் திறந்துவிட்டார். மூன்று பெயர்கள் ஏசிசி வரை போயிருப்பதாகக் கம்பெனி செக்ரட்டரி சொன்னார். மீதி இரண்டு இடங்களுக்கு இன்னும் பெயரே போகவில்லையாம்.