க்ரூ பாஸ் ஆவதற்கு எத்தனை கையெழுத்து

என் ரெட் கார்டில், அதாவது காட்டுத்தீயில் என்னென்ன பொறுப்பில் நிற்கலாம் என்று சொல்கிற தகுதி அட்டையில், இந்த வருஷம் ஒரு புது வரி ஏறியிருக்கிறது: க்ரூ பாஸ். கைக்கருவிகளோடு வேலை செய்கிற, இருபது பேர் கொண்ட ஹேண்ட் க்ரூவைக் காட்டுத்தீக்குக் கூட்டிப் போய், வேலை வாங்கி, அத்தனை பேரையும் முழுசாகத் திரும்பக் கூட்டி வரலாம் என்று அனுமதி. அம்மாவிடம் போனில் சொன்னேன். "இருபது பேரை மேய்க்க இத்தனை வருஷமா பரீட்சை எழுதினே?" என்றார். பரீட்சை கொஞ்சம்தான்மா, கையெழுத்து வாங்கத்தான் வருஷமாச்சு என்றேன். யாரிடம், எதற்கு என்று கேட்டார். பதில் நீளமாகப் போனதால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் காட்டுத்தீயில் யார் எந்தப் பொறுப்பில் நிற்கலாம் என்பதை என்.டபிள்யூ.சி.ஜி. என்கிற தேசிய ஒருங்கிணைப்புக் குழு வகுத்து வைத்திருக்கிறது. ஃபாரஸ்ட் சர்வீஸ் ஆளோ, மாநில வனத்துறை ஆளோ, என்னைப் போல ஆரிகானில் ஒப்பந்தக் க்ரூவில் வேலை செய்கிறவரோ, தகுதிக்கு அளவுகோல் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் சாதாரணத் தீயணைப்பாளர். அதற்கு எஸ்-130, எஸ்-190 என்ற அடிப்படை வகுப்புகள், அப்புறம் பேக் டெஸ்ட்: 45 பவுண்டு சுமையோடு 3 மைல் தூரத்தை 45 நிமிஷத்தில் நடக்க வேண்டும். ஓடக் கூடாது. நெட்டையான ஆட்கள் இதை ரொம்பச் சுலபமாக முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். என் உயரத்துக்கு அது வருஷா வருஷம் ஒரு சண்டை. அடுத்த படி ஸ்குவாட் பாஸ், ஐந்தாறு பேருக்குப் பொறுப்பு. அதற்கும் மேலே க்ரூ பாஸ்.

க்ரூ பாஸுக்கான முக்கியமான வகுப்புகள் எஸ்-230, எஸ்-290 இரண்டும். எஸ்-290 தீயின் நடத்தை பற்றியது, எனக்கு மிகவும் பிடித்தது. சரிவு, காற்று, எரிபொருளின் ஈரம் இவற்றை வைத்துத் தீ மதியத்துக்கு மேல் என்ன செய்யும் என்று முன்கூட்டியே யோசிக்கப் பழக்குகிறார்கள். சுடரின் நீளம் 4 அடியைத் தாண்டினால் கைக்கருவி வைத்திருக்கிற ஆட்கள் தீயின் முகப்பில் நேராக நின்று வேலை செய்ய முடியாது என்ற கணக்கு அங்கேதான் மண்டையில் ஏறியது. வகுப்புகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படித்தால் தேறிவிடலாம்.

விஷயம் டாஸ்க் புக்கில் இருக்கிறது. க்ரூ பாஸ் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பயிற்சி பெறுகிறவராகப் போய் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிற மதிப்பீட்டாளர் திருப்தி அடைந்தால் அந்த வரியில் சுருக்கொப்பமும் தேதியும் போடுவார். சில வேலைகளை வகுப்பறையிலோ பயிற்சியிலோ செய்து காட்டலாம். சில வேலைகளை நிஜமான காட்டுத்தீயில் செய்தால்தான் கணக்கு. எல்லா வரியும் நிரம்பிய பிறகு, ஏற்கெனவே க்ரூ பாஸ் தகுதி உள்ள ஒருவர் இறுதி மதிப்பீட்டாளராகக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு சான்றளிக்கும் அதிகாரி. ஒரே ஆளுக்கு உன்னைப் பிடித்துவிட்டது என்பதற்காகக் கதவு திறக்காது. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதிலேயே ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. தீ வேண்டும், அந்தத் தீக்கு உன் க்ரூவை அழைக்க வேண்டும், உன்னைப் பயிற்சி பெறுகிறவராக நிறுத்த முதலாளிக்கு மனசு வர வேண்டும், கவனிக்கப் பொறுமையுள்ள ஒருவர் கூட வர வேண்டும். மழை நல்லபடியாகப் பெய்த வருஷத்தில் ஊரே சந்தோஷப்படும். டாஸ்க் புக் வைத்திருக்கிறவர்கள் மட்டும் உள்ளுக்குள் புலம்புவோம். வெளியே சொல்ல முடியாத புலம்பல் அது. இன்னொன்று, யாருக்கு முதலில் வாய்ப்பு என்பதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. நான் முன்பு இருந்த ஒரு க்ரூவில் கேட்டபோதெல்லாம் "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்றார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த, தோள் அகலமான பையன்களுக்கு அடுத்த சீசன் சீக்கிரமே வந்தது. க்ரூ மாறினேன். அதுதான் நான் எடுத்த நல்ல முடிவு.

டாஸ்க் புக்கைத் திறந்தால் வீரதீரம் எதுவும் இருக்காது. ஆட்களின் ரெட் கார்டுகளைச் சரிபார். கருவிகளை, வண்டிகளைப் பார். தீயிடத்தில் போய்ச் செக்-இன் பண்ணு. பிரீஃபிங் வாங்கு, அதையே உன் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி திரும்பச் சொல். யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடு. 2 மணி நேர வேலைக்கு 1 மணி நேர ஓய்வு என்ற விகிதம் கெடாமல் பார். நேரத் தாளை எழுது. இந்த நேரத் தாள் ஒன்று போதும் ஆளைக் கொல்ல. இரவு முகாமுக்கு வந்து எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, க்ரூ பாஸ் வண்டியின் பானெட்டில் தாளை வைத்துக்கொண்டு யார் எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார் என்று எழுதிக்கொண்டிருப்பார். அதில் தீயின் ஒரு பகுதிக்குப் பொறுப்பான டிவிஷன் சூப்பர்வைசரின் கையெழுத்தும் வேண்டும். அதை வைத்துத்தான் சம்பளம். ஆட்களின் மரியாதை லைனில், அதாவது தீயை மறிக்க நாங்கள் வெட்டிப் போடுகிற வெறும் மண் கோட்டில், கொஞ்சம், இந்தத் தாளில் நிறைய என்பது என் அனுபவம்.

மொழி வேறு. ஆரிகானின் ஒப்பந்தக் க்ரூக்களில் பலர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். க்ரூ பாஸும் ஸ்குவாட் பாஸும் ஆங்கிலத்தோடு க்ரூவின் மொழியையும் பேச வேண்டும் என்பது ஒப்பந்த விதி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், ஸ்பானிஷை லைனில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும்போது கற்றேன். முதலில் கற்றது கெட்ட வார்த்தை, அப்புறம் கருவிகளின் பெயர்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது கையிலிருந்து புலாஸ்கியை, ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் மண்வெட்டியுமான கருவியை, கீழே வைப்பதுதான். ஸ்குவாட் பாஸாக இருந்தவரை ஆட்களோடு குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டே மேற்பார்வை பார்த்தேன். க்ரூ பாஸ் குனிந்தால் புகையின் நிறம் மாறுவதை யார் பார்ப்பது? முதல் அசைன்மென்டில் என் மதிப்பீட்டாளர் கருவியை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "உனக்கு இன்று வேலை கண்ணுக்கும் காதுக்கும்தான்" என்றார். நாள் முழுக்கச் சும்மா நிற்கிற மாதிரி இருந்தது. ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். சாயங்காலம் பார்த்தால் வெட்டியவர்களைவிட நான் களைத்திருந்தேன்.

டாஸ்க் புக்கில் எனக்கு மிகவும் பெறுமதியான கையெழுத்து கிழக்கு ஆரிகானில் ஒரு மதியம் கிடைத்தது. சரிவு முழுக்கக் காய்ந்த சீட்கிராஸ் புல், மேலே இங்கொன்றும் அங்கொன்றுமாக பாண்டரோசா பைன். மேட்டிலிருந்து கீழே இறங்கியபடி லைன் போடச் சொன்னார் டிவிஷன் சூப்பர்வைசர். தீ எங்களுக்குக் கீழே. இது நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற 18 எச்சரிக்கைச் சூழ்நிலைகளில் ஒன்பதாவது. செய்யவே கூடாது என்று இல்லை. அதற்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது: தொடங்குகிற இடம் பாதுகாப்பானதா, கீழ்ப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள், கீழே இருக்கிற ஆட்களோடு ரேடியோவில் பேச முடிகிறதா, தப்பி ஓட வழி எங்கே, எவ்வளவு தூரம்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீயைக் கண்காணிக்க நிறுத்தியிருந்த லுக்அவுட்டுக்கு அடிவாரம் தெரியவில்லை. கீழே இருந்த எஞ்சின் குழு ரேடியோவில் கிடைக்கவில்லை. வானிலை அறிக்கையில் மூன்று மணிக்கு மேல் காற்று திரும்பும் என்று இருந்தது. இப்படியே இறங்க மாட்டோம் என்றேன். மறுப்பதற்கும் எங்களுக்கு முறை இருக்கிறது: காரணம் சொல்ல வேண்டும், மாற்று வழியும் சொல்ல வேண்டும். பக்கவாட்டு மண் ரோட்டிலிருந்து, ஏற்கெனவே எரிந்து கருத்த இடத்தை ஒட்டி மேலே ஏறி வருகிறோம் என்றேன். அதே வேலையை இன்னொரு க்ரூவுக்குக் கொடுப்பதானால், ஒரு க்ரூ ஏற்கெனவே மறுத்தது, ஏன் மறுத்தது என்பதை அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த விதியை எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

சினிமா மாதிரி எதுவும் நடக்கவில்லை. டிவிஷன் சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் மேப்பைப் பார்த்தார், "சரி, ரோட்டிலிருந்தே வாருங்கள்" என்று போய்விட்டார். காற்று திரும்பியதா என்று கேட்பீர்கள். லேசாகத்தான். இறங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது போல. அன்று இரவு மதிப்பீட்டாளர் கேட்டார்: "பயந்து சொன்னாயா, பார்த்துச் சொன்னாயா?" இரண்டும்தான் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார்.

வானிலை அறிக்கையைக் கேட்டு வாங்கி ஆட்களிடம் சொல்வதெல்லாம் ஒரு டாஸ்க்கா என்று ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியதுண்டு. 1994 ஜூலை 6 அன்று கொலராடோவில் சவுத் கேன்யன் தீயில் 14 பேர் இறந்தார்கள். குளிர்க்காற்று முகப்பு ஒன்று வருகிறது என்ற முன்னறிவிப்பு இருந்தது. மலையில் நின்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அதைப் படித்த பிறகு அந்த வரியைப் பார்த்து நான் சலித்துக்கொண்டதில்லை. லுக்அவுட், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் என்று நான்கையும் சேர்த்து 1991-இல் பால் க்ளீசன் என்ற காட்டுத்தீயணைப்பாளர் வகுத்த எல்.சி.இ.எஸ். முறையும் அப்படித்தான். சொல்லக் கேட்டால் நாலே விஷயம். சரிவில் இருபது பேரை வைத்துக்கொண்டு நாலையும் ஒரே நேரத்தில் உண்மையாக்குவது முழுநேர வேலை.

இந்தப் படிக்கு ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டாஸ்க் புக்கை எடுத்துப் பெட்டியில் வைக்காதீர்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. ஒவ்வொரு தீயிலும் போன உடனே மதிப்பீட்டாளரிடம் இந்த முறை எந்த வரிகளைப் பார்க்கலாம் என்று நீங்களே கேளுங்கள். அவராக நினைவு வைத்துக் கேட்பார் என்று எதிர்பார்த்தால், வேலை முடிந்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிற டிமோப் நாளில் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கையெழுத்துக்காக முகாம் முழுக்க ஓட வேண்டியிருக்கும். பின்பக்கத்து மதிப்பீட்டுப் பதிவில் தீயின் பெயர், அதன் அளவு, உங்களைப் பற்றிய கருத்து எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வெறும் சுருக்கொப்பத்தை மட்டும் பார்த்தால் சான்றளிக்கிறவருக்குத் திருப்தி வராது. அப்புறம், ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் க்ரூவில் ஒருவரின் புத்தகம் பேக்கோடு சேர்த்துத் தண்ணீர் டெண்டர் லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் ஊறிப்போனது. படங்கள் இருந்ததால் பிழைத்தார்.