மரத்தைக் கெடுக்க விட்ட பட்டறை

தச்சு வேலை கற்றுக்கொள்ள யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று இந்த ஒரு வருடத்தில் ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோருமே என்னைப் போல, வீட்டில் யாரும் இந்தத் தொழிலில் இல்லாதவர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம் பேட்டை. பி.காம் முடித்துவிட்டு டவுனில் ஒரு கடையில் நான்கு வருடம் கணக்கு எழுதினேன். தாத்தாவின் பூவரசம்பெட்டி ஒன்று மூடி கழன்று பரணில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன், இருட்டிய பிறகுதான் எழுந்தேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான் போனது. 26 வயதில் கணக்கு வேலையை விட்டேன்.

முதலில் விசாரித்தது ஐடிஐ. தச்சர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அரசுச் சான்றிதழ் கிடைக்கும்; ரயில்வே மாதிரி இடங்களில் பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாகச் சேர அது வேண்டும். பதினெட்டு, இருபது வயதில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், மாதாமாதம் உதவித்தொகையும் தர வேண்டும். ஆனால் நம் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் இருப்பது இரண்டு பேர், மூன்று பேர். அங்கே வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். அதனால் அந்தப் பேச்சை முதல் நாளே தெளிவாகப் பேசிவிட வேண்டும். நான் பேசவில்லை, நான்கு மாதம் போனது.

முதலில் சேர்ந்த இடம் பிளைவுட் அலமாரியும் கிச்சன் கப்போர்டும் செய்யும் ஒரு பட்டறை. ஷீட் இறக்கினேன், மைக்கா ஒட்டப் பசை தடவினேன், பெருக்கினேன். எதையும் நான் குறைவாக நினைக்கவில்லை, எந்தப் பட்டறையிலும் யாராவது பெருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட என் கைக்கு உளி வரவில்லை. கேட்டால், "கட்டை வீணாப் போயிரும்" என்பார்கள். கட்டை வீணாகக் கூடாது என்று நினைக்கும் இடத்தில் புதிதாக ஒருவன் கற்றுக்கொள்ள முடியாது. எனக்கு இது புரிந்தபோது புரட்டாசி வந்துவிட்டது.

கல்லிடைக்குறிச்சியில் நிலை, கதவு மட்டும் செய்கிற ஒரு பெரியவர் இருக்கிறார் என்று மரக்கடையில் சொன்னார்கள். செங்கோட்டை பாசஞ்சரில் ஏறிப் போய்ப் பார்த்தேன். இந்த முறை மூன்று கேள்விகளை மனதில் வைத்திருந்தேன். தினமும் எவ்வளவு தருவீர்கள்? எத்தனை நாளில் கையில் உளி கொடுப்பீர்கள்? நான் கெடுத்துப் பழகக் கட்டை உண்டா? மூன்றாவதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"கெடுக்காம எவம்லே கத்துக்கிட்டான்? தேக்குல கை வைக்க நாளாகும். வேப்பங்கட்டையும் பழைய ஜன்னச் சட்டமும் பின்னால கெடக்கு, அதுல கெடு. நாளைக்கு நூத்தம்பது தாரேன். ஆறு மாசம் போட்டும், பெறகு பேசிக்கிடுவோம்."

"சரி அண்ணாச்சி" என்றேன். 2023 விஜயதசமி அன்று வெற்றிலை பாக்கோடு போய்ச் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரம் முழுக்க உளிக்கு வாய் வைப்பதுதான், அதாவது கூர் தீட்டுவதுதான் வேலை. அண்ணாச்சிக்கு டிகிரி கணக்கெல்லாம் கிடையாது. உளியின் தடிப்பு எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், சரியாக 30 டிகிரி வந்தது. கல்லில் எண்ணெய் விட்டு, சரிவு முழுவதும் கல்லில் படியும்படி பிடித்துத் தேய்க்க வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் ஆடினாலும் வாய் உருண்டுவிடும். தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். விரல் நுனியில் அது தட்டுப்பட்டால்தான் வாய் வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு உளியைப் புரட்டி, முதுகைக் கல்லில் மட்டமாகப் படுத்தி அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். வேப்பங்கட்டையின் முனைப்பக்கத்தைச் சீவிப் பார்ப்போம். வாய் சரியில்லை என்றால் நார் நசுங்கி வெளிறிப் போகும். சரியாக இருந்தால் வெட்டிய இடம் எண்ணெய் தடவியதுபோல மின்னும். பதினோராவது நாள் முதல் தடவையாக அது மின்னியபோது இரண்டு தடவை சீவிப் பார்த்தேன், கையைவிட்டுக் கீழே வைக்க மனமே வரவில்லை.

அடுத்தது கோடு. அண்ணாச்சியின் பாடத்திலேயே மிக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். பென்சில் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. ரம்பம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று அறுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நிலைக்கால் ஒன்றில் நான் தப்பான பக்கம் இறக்கிவிட்டேன். துளைக்குள் போய் உட்கார வேண்டிய நாக்கு ஒரு நூல் மெலிந்துவிட்டது. நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. கட்டிப் பார்த்தபோது கையால் ஆட்டினாலே ஆடியது. ஏழடிக் கால், நல்ல வேங்கை. அண்ணாச்சி திட்டவில்லை. அந்த முனையை அறுத்துப் போட்டுவிட்டு, மீதியை ஜன்னல் காலுக்கு எடுத்து வைத்துக்கொண்டார். என் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. அன்றைக்கு ரயிலில் வரும்போது, நாம் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று முழுசாக நம்பினேன்.

சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 17, 18 மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழை. தாமிரபரணி ஏறி, கரையோரத்து வீடுகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் பட்டறைக்குக் கதவுகள் வர ஆரம்பித்தன. அந்த இரண்டு மாதம் கற்றுக்கொண்டது அளவுக்கு வேறெப்போதும் நான் கற்கவில்லை.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் ரொட்டி மாதிரி ஊதியிருந்தன. அவற்றுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பிளைவுட் கதவுகளில் பல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. கெட்டி மரக் கதவுகளும் வீங்கித்தான் இருந்தன, நிலையில் பிடித்துக்கொண்டு மூட முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும், "கொஞ்சம் இழைச்சுக் குடுங்க, மூடினா போதும்" என்றார்கள். வீட்டுக்குள் சேறு, வாசலில் கதவில்லை, அவர்கள் அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனால் அண்ணாச்சி இழைக்க மறுத்துவிட்டார். நிழலில் கட்டைகள் மேல் படுக்கப்போட்டு, காற்றுப் போகும்படி நடுவில் சட்டம் வைத்து, ஐந்து வாரம் ஆறப்போட்டோம். அதுவரைக்கும் வாசலுக்குத் தகரத்தை அடித்துக் கொடுத்தோம், காசு வாங்கவில்லை. ஈரத்தில் இழைத்தால், காய்ந்த பிறகு அரை இஞ்சு இடைவெளி விழுந்துவிடும் என்பது காரணம். ஆறிய பிறகு பாதிக்கு மேல் கதவுகளில் இழைப்புளியே வைக்க வேண்டி வரவில்லை.

அதில் அக்ரஹாரத்து வீட்டுப் பழைய தேக்குக் கதவு ஒன்று. ஒரு சட்டம் விரிசல் கண்டிருந்ததால் பிரிக்க வேண்டியிருந்தது. மர ஆணிகளைத் தட்டி எடுத்துச் சட்டங்களை விரித்ததும், நடுப்பலகை தானாகவே நழுவி என் கைக்கு வந்துவிட்டது. இரும்பு ஆணி இல்லை, பசை இல்லை. சுற்றிலும் சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், அதாவது காடிக்குள், சும்மா நின்றிருக்கிறது, பக்கத்துக்கு ஒரு நூல் இடம் விட்டு. மரம் நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும். அதற்குத்தான் அந்த ஒரு நூல். அத்தனை நாள் வெள்ளத்தில் கிடந்தும் பலகை வெடிக்காததற்கு அதுதான் காரணம். அதைச் செய்த ஆசாரி யாரென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நெல்லையப்பர் கோவில் தாமிர சபைக்கும் ஒரு நாள் அண்ணாச்சி கூட்டிப்போனார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போன இடம்தான். அந்த மரச்சிற்பங்களில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முழு செட் வாங்கிவிட்டுப் போகாதீர்கள். நாலு நூல் உளி ஒன்று, ஒரு இஞ்சு உளி ஒன்று, கை ரம்பம், மூலைமட்டம், இஞ்சு டேப் இவ்வளவு போதும். மரக்கணக்கை மட்டும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்: அகலமும் தடிப்பும் இஞ்சில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஐந்துக்கு மூன்று கட்டை ஏழடி என்றால் முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. மரக்கடையில் இதை மனக்கணக்காகச் சொன்ன அன்றிலிருந்து மரம் எடுக்க அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். மிஷினில் முதல் மூன்று மாதம் கை வைக்காதீர்கள். வைக்கும்போது முழுக்கைச் சட்டை, கைக்கயிறு எதுவும் வேண்டாம். வேங்கைத் தூள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தும்மல் நிற்காது. இப்போது மாஸ்க் இல்லாமல் இழைப்பதில்லை.

போன சித்திரையில் முதல் கதவைத் தனியாகச் செய்தேன். வீரவநல்லூரில் ஒரு வீட்டுப் பின்வாசலுக்கு. பலகைகளைக் காடியில் ஏற்றுவதற்கு முன்பே ஓரம் வரைக்கும் பாலிஷ் போட்டேன், சுருங்கும்போது வெளுத்த கோடு தெரியக்கூடாது என்று. மாட்டிய அன்று அந்த வீட்டு அக்கா சுக்குக்காப்பி கொடுத்தார். கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்ததும், யாரும் கூப்பிடாமலே ரயிலேறிப் போனேன்.

"என்ன தம்பி, கதவுல ஏதும் வேலை பாக்கி இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒரு விரலால் தள்ளினேன், திறந்தது. விட்டேன், நிலையில் போய்ப் படிந்தது. பலகை ஓரத்தில் விட்டிருந்த இடத்தில் பாதி நிறைந்திருந்தது. கோடையில் இன்னொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.