கத்திக்கு முன் ஒரு மாத்திரை

பெரியம்மாவுக்கு வலது மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று உறுதியானபோது அவருக்கு வயது 72. திசுப் பரிசோதனை அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) எட்டுக்கு எட்டு, அதாவது மிக அதிகம் என்றும், கட்டியை வேகமாக வளர்க்கும் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லை (நெகட்டிவ்) என்றும் இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் அறுவைக்கு நாள் குறிக்காமல், 2.5 மில்லிகிராம் லெட்ரோசோல் மாத்திரையை நாளுக்கு ஒன்றாக ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார். "கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மாத்திரை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று பெரியப்பா வழியெல்லாம் பொருமினார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

மாதவிடாய் நின்று சினைப்பை ஓய்ந்த பிறகும், கொழுப்புத் திசுவிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களைச் சிறிது சிறிதாக ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இவ்வகைக் கட்டி வளர்வது அதனால்தான். லெட்ரோசோல் அந்த நொதியை முடக்குகிறது. சினைப்பையை அகற்றினால் மார்புப் புற்று சுருங்கக்கூடும் என்று கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் 1896இலேயே எழுதிவிட்டார், ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே பிறக்காத காலத்தில். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அறுவைக்கு முன் நான்கு மாதம் மருந்து கொடுத்தபோது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் டாமாக்சிஃபென் என்ற மருந்தைப் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்கும் லெட்ரோசோல் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டிக்கு இந்த வழி உதவாது என்பதால், அந்த அறிக்கை வரும் முன் அவசரப்படாததே நல்லதாயிற்று.

மாத்திரை தொடங்கும் முன், கட்டிக்குள் எள்ளளவு உலோகக் குறி ஒன்றை ஊசி வழியாக வைத்தார்கள்; கட்டி கரைந்துபோனால் எந்த இடத்தை வெட்டுவது என்று தெரிய வேண்டுமே. பெரியம்மா காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் நாட்காட்டித் தாளைக் கிழிப்பார். மூன்றாம் மாதத்தில் விரல் மூட்டுகள் இறுகி, காபி ஃபில்டரின் மேல்பாத்திரத்தைக்கூட அவரால் கழற்ற முடியவில்லை. அந்த வலியைப் பற்றி முன்கூட்டியே யாரும் எங்களிடம் சொல்லாதது எனக்கு இன்னும் குறைதான். இந்த மருந்தால் எலும்பு மெலியக்கூடும் என்பதால் எலும்பு அடர்த்தியை அளந்து, கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்தார்கள்.

நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இருந்த கட்டி, ஆறாம் மாத ஸ்கேனில் இரண்டுக்கும் கீழே வந்திருந்தது. மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டியெடுத்த திசுவை எக்ஸ்ரே எடுத்து, அந்த எள்ளளவு குறி உள்ளே இருப்பதைப் பார்த்த பின்பே தையல் போட்டார்களாம். கதிர்வீச்சும் முடிந்துவிட்டது, மாத்திரை மட்டும் இன்னும் சில ஆண்டுகள் தொடர வேண்டும். தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அடுத்த அட்டையை வாங்கி வந்து வைப்பவர் இப்போது பெரியப்பாதான்.