நேரலையில் கத்துவதும் கேள்வி கேட்பதும்

இப்ப யாழ்ப்பாணத்தில் போனைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு அலுவலகத்துக்குள் நேரலையோடு நுழைந்து சத்தம் போட்டால் போதும், அடுத்த நாளே "துணிஞ்ச ஆள்" என்று சனம் பகிரத் தொடங்கிவிடும். சில அதிகாரிகளுக்கு அப்படியாவது உறைக்கட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாமல் அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளையை, ஊரே பார்க்க அழ வைப்பது என்ன துணிச்சல்?

இந்த ஊரில் முன்பு வாய் திறந்தவர்களைப் பாருங்கோ. ராஜினி திரணகம, பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர், இராணுவம், ஆயுத இயக்கம் என்று பாராமல் எல்லாத் தரப்பின் அட்டூழியங்களையும் சனத்திடம் கேட்டுக் கேட்டு எழுதினவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டார்கள். ஊடகவியலாளர் நிமலராஜன் தேர்தல் முறைகேடுகளை வெளியில் கொண்டுவந்தார், 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், சொந்த வீட்டிலேயே கொன்றார்கள். அவர்கள் கையில் இருந்தது பேர், இடம், திகதி. அதுக்குத்தான் கொன்றவர்கள் பயந்தார்கள்.

சரி, இப்ப காலம் வேறு. 2016 இலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. வீதி ஒப்பந்தம் யாருக்கு, எவ்வளவுக்கு என்று ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியே ஆக வேண்டும் (சொல்லாவிட்டால் மேன்முறையீடு இருக்கு). எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இதைத்தான் செய்கிறா. நேரலையும் இல்லை, லைக்கும் இல்லை. பிரதேச சபையில் அவவைக் கண்டாலே கதிரையை இழுத்துப் போடுகிறார்கள்.