மாத்திரைக்கும் உத்தரவு கேட்டேன்

"மாத்திரை வேண்டாங்கல சார். அவுலியா கனவுல வந்து உத்தரவு கொடுக்கட்டும், அப்புறம் போடறேன்" என்றார் தர்காவில் தங்கியிருந்த அந்த அம்மா. அவுலியா என்றால் தர்காவில் அடங்கியிருக்கும் இறைநேசர். மகனுக்கு மனச்சிதைவு. எவ்வளவு விளக்கியும் அவர் அசையவில்லை. கடைசியில் தர்காவில் ஓதும் லெப்பையிடம் போனேன். "பாய், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க." அவர் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி ஓதி ஊதினார். "இதுவும் அவுலியா கொடுத்ததுதாம்மா, வேளை தவறாம கொடு" என்றார். அன்று இரவே அந்த அம்மா மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் சேர்ந்தே இருக்கட்டும் என்றுதானே ஏர்வாடி தர்காவில் அரசே மனநல சிகிச்சையைக் கொண்டுபோனது? பையனும் சில வாரங்களில் தூங்க ஆரம்பித்தான்.

ஆனால் "போடாதே" என்று லெப்பை சொல்லியிருந்தாலும் அந்த அம்மா கேட்டிருப்பார். அந்த அதிகாரத்தை நான் குறைக்கவில்லை, அதற்கு இன்னும் வலு சேர்த்தேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அது தனியார் காப்பகம், தர்கா நடத்தியதல்ல. சரி. ஆனாலும் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இல்லாமல் அத்தனை குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விட்டிருக்குமா? சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நம்பிக்கையைச் சட்டத்தால் தொட முடியாது.

தொடத்தான் வேண்டுமா என்றும் தோன்றுகிறது. முத்துசாமி கோயில் ஒன்றில் மருந்தே இல்லாமல் தங்கியிருந்த 31 பேரிடம் நோயின் கடுமை குறைந்ததை மருத்துவர்கள் அளந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அந்த அம்மாவும் சொன்னார்: "ஊர்ல ஒருத்தரும் வீட்டு வாசல் மிதிக்கல சார். இங்க யாரும் மூஞ்சி சுளிக்கல." எங்கள் வெளிநோயாளிப் பிரிவின் வரிசையில் நிற்பவர்களுக்கு அதை நாங்கள் கொடுத்ததில்லை.

பிறகு, வலிப்பு வந்த ஒரு பெண்ணுக்கு "ஓதினாலே போதும்" என்று அதே லெப்பை சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத மனிதர். அந்தக் குடும்பத்திடம் நான் பேசியது எதுவும் ஏறவில்லை. திரும்ப அவரிடமே போய் உட்கார்ந்து, நரம்பு, மூளை என்று விளக்கி, அவர் வாயாலேயே மாற்றிச் சொல்ல வைத்தேன். பெண் மருத்துவமனைக்குப் போனாள். அவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறையும் அவரிடம்தான் போவேன்.