கூலிக்கு ஓடும் கிட்டார்

போன வாரம் சிட்னியிலிருந்து ஒரு இசையமைப்பாளர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் இரண்டு வருடமாக அவருக்கு கிட்டார் வாசித்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். "தம்பி, கிட்டார் வடிவா இருக்கு. ரெண்டு நிமிசம் பதினொரு செக்கனில ஒரு ஷேக்கர் போட்டிருக்கிறீங்கள், அதுவும் நல்லா இருக்கு. ஏன் உடன நிப்பாட்டினீங்கள்?"

ஷேக்கர் என்றால் குலுக்கி வாசிக்கிற சின்ன வாத்தியம். நான் அப்படி எதுவும் போடவில்லை. அது பக்கத்து வீட்டுத் தறி.

பாட்டின் டெம்போ, அதாவது வேகம், நிமிடத்துக்கு 128 அடி. தறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 தடவை அடிக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு அடி வித்தியாசம் என்பதால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தறியும் தாளமும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாக விழும், அப்புறம் மெல்ல விலகிப் போய்விடும். மற்ற இடங்களில் ஸ்ட்ரம்மிங் சத்தத்தில் அது அமுங்கிவிட்டது, அந்த இடத்தில் மட்டும் விரலால் மெதுவாக மீட்டுகிறேன், அதனால் வெளியே தலை காட்டியிருக்கிறது. நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன், என் காதில் விழவே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் காதில் எங்கே விழப்போகிறது.

வீடு சோமனூர் பக்கம். அப்பா எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவில் நூல் மூட்டை போட்டுவைக்கிற ரூம் ஒன்று இருந்தது, பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதுதான் என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ கட்டவே கூடாத இடம் எது என்று யாராவது போட்டி வைத்தால் முதல் பரிசு எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய ஆசைப்பட்டுக் கேட்கிற பையன்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரூமுக்குள் எதிரொலி இல்லாமல் செய்வது ஒரு வேலை, வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. முட்டை அட்டை ஒட்டினால் இரண்டில் எதுவும் ஒழுங்காக நடக்காது, பல்லிதான் குடியேறும். எதிரொலிக்கு நான் செலவழித்தது ரொம்பக் குறைவு, ஏனென்றால் பஞ்சுக்கு நடுவில்தான் வாழ்கிறோம். நான்கு அங்குல ஆழத்துக்கு மரச்சட்டம் அடித்து, உள்ளே மில் கழிவுப் பஞ்சை அடைத்து, எங்கள் தறியில் ஓடின காடாத் துணியாலேயே மூடித் தைத்துவிட்டேன். கதவுப் பக்கம் இரண்டு பவானி ஜமக்காளம், சுவரில் ஒட்டாமல் நான்கு அங்குலம் தள்ளித் தொங்குகிறது. அந்த இடைவெளி முக்கியம், சுவரோடு ஒட்டினால் கீச்சென்ற மேல்ஸ்தாயிச் சத்தம் மட்டும்தான் அடங்கும். ஒரே பயம் தீ. வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணித் தூபத்தோடு ஒவ்வொரு ரூமாக வரும்போது நான் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். சாமிக்கு ஆகாத ரூம் என்று ஆத்தா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வெளிச்சத்தத்துக்கு இந்தப் பஞ்சு, ஜமக்காளம் எதுவும் வேலைக்காகாது. அதற்குக் கனம் வேண்டும். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன், கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் போட்டேன். இருந்தும் தறியின் அதிர்வு தரை வழியாக ஏறி மைக் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. தேங்காய் நார் மெத்தைத் துண்டின் மேல் ஒரு கடப்பைக் கல், அதன் மேல் ஸ்டாண்டு என்று வைத்ததும் பாதி குறைந்தது. மீதிக்கு ஒரே வழி நேரம். எங்கள் தறி ராத்திரி பத்துக்கு நிற்கும், அதற்குப் பிறகுதான் என் ஷிப்ட் ஆரம்பம். ஆடி மாதமென்றால் அதுவும் உத்தரவாதமில்லை, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று சிமெண்ட் ஷீட்டைத் தூக்கித் தூக்கி அடிக்கும். சித்திரையில் வேறு கதை, டேக் எடுக்கும்போது ஃபேன் போட முடியாது, வியர்வையில் விரல் வழுக்கும், ஸ்ருதி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கும்.

வேலை வருகிற விதம் இதுதான். ஒரு டெமோ, டெம்போ, ஸ்ருதி, சில பேர் மட்டும் கார்ட்ஸ் எழுதி அனுப்புவார்கள். வாசித்து, 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட்டில் வேவ் ஃபைலாக அனுப்ப வேண்டும். மோனோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டரை எம்.பி. ஆகும். பாட்டின் நடுவில் இருபது நொடி வாசித்திருந்தாலும் ஃபைல் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கம் இருப்பவர் இழுத்துப் போட்டதும் சரியான இடத்தில் உட்காரும். எஃபெக்ட் எதையும் ஒட்டி அனுப்பக் கூடாது. கேட்டது ஒரு டேக் என்றாலும் வேறு மாதிரி வாசித்த இன்னொன்றையும் சேர்த்து அனுப்புவேன். திரும்பக் கூப்பிடுகிறவர்கள் என் வாசிப்புக்காகக் கூப்பிடுவதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபைல் பெயர் ஒழுங்காக வைக்கிறான், சொன்ன நேரத்துக்கு அனுப்புகிறான் என்பதற்காகத்தான் என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் உண்மை.

எல்லோரும் கேட்கிற லேட்டன்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வாசித்தது கம்ப்யூட்டர் வழியாகக் காதுக்குத் திரும்பி வர ஆகிற தாமதம் அது. கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்புகிற பஃபர் 256 சாம்பிள் என்றால், நொடிக்கு 48,000 சாம்பிளில் ஓடும்போது ஐந்து மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை என்று அது இரட்டிக்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ மூன்று மில்லி செகண்ட் ஆகிறது, ஆக மூன்றரை மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசிக்கிற உணர்வு. கோயில் திருவிழா மேடையில் அதைவிடத் தூரத்தில் பெட்டி வைத்தெல்லாம் வாசித்திருக்கிறோம். விரல் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் லேட்டன்சி காரணம் இல்லை, பயிற்சி இல்லாததுதான்.

சினிமாவே ஒரு காலத்தில் கோயமுத்தூரில் எடுத்தார்கள். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜுபிடர் பிக்சர்ஸ் படங்களுக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்துக்கொண்டிருந்தார், அங்கே எடுபிடி வேலை பார்த்த பையன்தான் பின்னாளில் எம்.எஸ். விஸ்வநாதன். கம்பெனி சென்னைக்குப் போனதும் வாத்தியக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். நானும் போனேன், வடபழனியில் மூன்று வருடம். வாடகை கட்டவே வாசிப்பு பத்தவில்லை. கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன் திரும்பவில்லை.

முதல் முறை அப்பாவிடம் என் வேலையை விளக்கிச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"பாட்டு யாரோடது?"

"அவங்களுதுங்ப்பா."

"மெட்டு?"

"அதுவும் அவங்களுதுதான். நான் கிட்டார் மட்டும் வாசிச்சுக் குடுக்கறேன்."

"ரூமு, கரண்டு, மிசினு?"

"அதெல்லாம் நம்முது."

"அப்பப் பாவும் ஊடையும் அவன் குடுக்கறான், தறி உன்னுது. நீயும் கூலிக்குத்தான் ஓட்டற. அப்பறம் என்ன புரொட்யூசருங்கற?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல், ஊடை குறுக்கே ஓடுகிற நூல். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. துணி எந்தக் கடையில் என்ன விலைக்குப் போனாலும் நெய்தவருக்கு மீட்டர் கூலிதான். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி உரிமை கெட்டிப்பட்டது. என் மாதிரி ஆளுக்கு நடைமுறையில் அன்றைக்கு ஜிபே-யில் வந்து விழுவதுதான் கணக்கு.

அப்பா சொன்ன இன்னொன்றைக் கேட்காமல் பட்டேன். "பாவு ஏத்தறதுக்கு முன்னாடியே கூலியப் பேசிரோணும் கண்ணு. ஏத்தினதுக்கப்பறம் பேசினா எவனும் காது குடுக்க மாட்டான்." ஒரு விளம்பரக் கம்பெனிக்கு மூன்று ஜிங்கிள் முழுசாகச் செய்துகொடுத்தேன், முன்பணம் வாங்காமல். பதினேழு முறை 'சின்ன கரெக்‌ஷன்'. கடைசியில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைப் போடுகிறோம் என்றார்கள். மீதியும் வரவில்லை, பிடித்ததாகச் சொன்னதும் என் வருமான வரிக் கணக்கில், அந்த 26ஏஎஸ்-ல், ஏறவில்லை. அதிலிருந்து பாதிப் பணம் கைக்கு வந்தால்தான் ஃபைலையே திறப்பேன், இரண்டு கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதற்குக் காசு. சொந்தக்காரர்களிடம் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. "உனக்கென்ன மாப்ள, ஊட்டுல உக்காந்துட்டே வாசிக்கறது"தானே.

வெளிநாட்டு வேலை மாதத்தில் ஐந்தாறு வந்தால் அதிகம். சோறு போடுவது உள்ளூர்தான். குலதெய்வப் பாட்டு, தேர்தல் பாட்டு, இப்போது சில வருடமாக வள்ளிகும்மி. ஊருக்கு ஊர் கும்மிக் குழு, ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தப் பாட்டு வேண்டும், கும்மி ஆட்டத்தின் அடவு தெரியாமல் டெம்போ வைத்தால் ஆடுகிற பெண்கள் திட்டுவார்கள். திட்டு வாங்கியிருக்கிறேன். 96-ல் வைத்திருந்த பாட்டை, "மூச்சு வாங்குதுங் தம்பி, எங்க வயசு என்ன உங்க வயசு என்ன" என்று ஒரு அக்கா சொல்லி 88-க்கு இறக்கினேன். பாட்டும் அப்போதுதான் நன்றாக ஆனது.

நான் எடுத்ததிலேயே நல்ல ரெக்கார்டிங் எது என்று கேட்டால் கிட்டாரே இல்லாத ஒன்றைத்தான் சொல்வேன். 2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. 2022-லும் இப்படித்தான் நின்றது. பகலிலேயே குயில் கூவுவது கேட்டது. மைக்கைத் திறந்தால் ஒலி அளவு காட்டுகிற மீட்டர் அசையவே இல்லை, வாழ்க்கையில் முதல் முறையாகப் பட்டப்பகலில் டேக் எடுத்தேன். மூன்று மாத வேலையை அந்த மாதமே முடித்தேன். அப்பா திண்ணையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு முன்னால் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடமாடவே கூச்சமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு உடுக்கைப் பாட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். பொன்னர், சங்கர் பற்றிய அண்ணன்மார் கதையில் ஒரு பகுதியைப் பதிவுசெய்ய வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பாட்டை ஒரு டிராக்கிலும் உடுக்கையை இன்னொன்றிலும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்றேன். சிரித்தார். "கை அடிக்காம வாய் எப்படிங் தம்பி பேசும்?" சரி என்று தோலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு டைனமிக் மைக், வாய்க்கு ஒரு கண்டென்சர் மைக் வைத்தேன். இடது கை உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அமுக்க அமுக்க, ஒலி குழைந்து ஏறும், விட்டதும் இறங்கும். ஒரு அழுகைக் கட்டத்தில் குரல் எங்கே முடிந்தது, உடுக்கை எங்கே ஆரம்பித்தது என்று ஸ்பீக்கரில் கேட்டும் பிரிக்க முடியவில்லை.

ஆனால் அது இரண்டாம் நாள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஹெட்ஃபோன் மாட்டிச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன், பத்து வரியில் நிறுத்திவிட்டார். "எதிர்ல ஆளில்லாம ஆருக்குங் கதை சொல்றது?" 1965-ல் அதே காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் கனடாவின் மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை டேப்பில் எடுத்தபோதும் ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது, 18 ராத்திரி. நான் பஞ்சடைத்த ரூமில் ஒற்றை ஆளாக உட்காரவைத்திருக்கிறேன். அப்பாவைக் கூப்பிட்டு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டேன். அவருக்கும் வேறு வேலை இல்லை. ஒவ்வொரு அடி முடியும்போதும் அப்பா "ஆமாங்" என்று சொல்லச் சொல்ல, பாட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பாடினார். அப்பாவின் குரல் கண்டென்சரில் தெளிவாக விழுந்திருக்கிறது, வெட்டவில்லை. நடுவில் ஒரு பதினைந்து நிமிடம் மட்டும் "ஆமாங்" இல்லை. தறி நின்று துருப்பிடிக்கிறதா என்று பார்க்க எழுந்து போய்விட்டார்.

சிட்னிக்காரருக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். ஷேக்கர் அல்ல, தறி என்று. அவருக்கு இன்னும் பிடித்துவிட்டது, பாட்டு முழுக்க வேண்டும், தனியாக எடுத்து அனுப்பச் சொன்னார், தனிக் காசும் தருகிறாராம். 130-ல் எடுத்து கம்ப்யூட்டரில் 128-க்கு இழுத்துவிடலாம், அது இரண்டு நிமிட வேலை. ஆனாலும் ஏதோ தோன்றி அப்பாவிடம் போய், நம் தறியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்ட முடியுமா, 128-க்கு, என்று கேட்டேன். மீட்டருக்கு எவ்வளவு தருவார்கள் என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் மோட்டார் புல்லியைக் குனிந்து பார்த்தார். மாற்றினால் வருமாம். ஆனால் ஏற்றிய பாவு முடிகிற வரைக்கும் தொடமாட்டாராம், இன்னும் நான்கு நாள் ஆகும். சிட்னிக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.