எவர்சில்வர் தட்டும் செட்டிநாட்டுத் தண்ணீரும்

தட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் கயிறு கட்டிய தட்டோடு காரைக்குடிப் பக்கம் ஊர் ஊராகத் திரிந்தேன் என்பது புரியாது. வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு அது. நடுவில் ஓட்டை போட்டு, நான்கு கால்வட்டமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி எனாமல் பெயின்ட் அடித்தேன். அடியில் கனத்துக்கு ஒரு பழைய எடைக்கல். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டே போக வேண்டும். தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் முடிச்சை எண்ண வேண்டும். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கும் கருவி அவ்வளவுதான்.

இதன் மூலவடிவத்தை 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்தார். மனிதர் வானியல் அறிஞர். நட்சத்திரம் பார்க்கிறவரைப் போப்பாண்டவரின் கப்பலில் ஏற்றித் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள். கறுப்புப் பிரிவு பின்னால் வந்து சேர்ந்தது. செயற்கைக்கோள் வைத்து ஏரிகளின் நிறத்தை அளக்கும் இந்தக் காலத்திலும் ஒத்துப்பார்க்க இந்தச் செக்கித் தட்டு தேவைப்படுகிறது. தட்டு மறையும் ஆழத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரை செடிகொடிக்குப் பயன்படும் வெளிச்சம் போகும் என்பது தோராயக் கணக்கு. அதற்குக் கீழே பச்சையாக எதுவும் காலம் தள்ள முடியாது.

தை மாதம், மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கிற சமயம். கானாடுகாத்தானில் தங்கினேன். வீடுகளைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் வேண்டாம். ஒன்று மட்டும்: அந்த ஓட்டுக் கூரைகளில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வீட்டுக் கிணற்றுக்குக் கொஞ்சம் போக, மிச்சம் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் காலுக்குக் கீழே ஓடும் இந்த வாய்க்காலையும் ஒரு நிமிடம் குனிந்து பார்க்கலாம். ஆறு என்று சொல்லும்படி எதுவும் வற்றாமல் ஓடாத சீமை இது. மேலே செம்மண், கீழே செம்புறாங்கல், பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் குடிக்க முடியும்.

மறுநாள் காலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு சிற்றூருக்குப் போனேன். அங்கே இன்னும் குடிக்க எடுக்கிற ஊருணி இருப்பதாகத் தங்கியிருந்த வீட்டு ஆச்சி சொல்லியிருந்தார். சுற்றிலும் செம்புறாங்கல் சுவர், ஆள் இறங்க ஒரு படித்துறை, ஆடுமாடு நுழைய வழியில்லை. தண்ணீர் இளஞ்சிவப்பாக, கலங்கலாக இருந்தது. நான் பையில் இருந்து தட்டை எடுத்ததுமே படியில் குடத்தோடு நின்ற வயதான பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, என்ன அது?”

“தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாக்குறதுக்கு, ஆத்தா.”

“இதுல நாங்களே காலு நனைக்க மாட்டோம். நீ தட்டை நனைக்கப் போறியா?”

தட்டு பைக்குள் போய்விட்டது. ஆனால் ஆத்தா என்னை விரட்டவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய், முந்தின நாள் எடுத்து வைத்த மண்பானைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுத்தார். சுத்தமாகத் தெளிந்திருந்தது. பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசிய தடம் வட்டமாகத் தெரிந்தது. “நாலு இழைப்பு இழைச்சு விட்டா விடியறதுக்குள்ள அடியில போயிரும்” என்றார். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாம் ஒரே மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். தேற்றாங்கொட்டையில் இருக்கும் பிசின் போன்ற பொருள் அவற்றைக் கோத்துப் பிடிக்கிறது. கனம் கூடினதும் மண் இறங்கிவிடுகிறது. பெரிய குடிநீர் நிலையங்களில் படிகாரம் போடுவதும் இதே வேலைக்குத்தான்.

நான் கேட்காமலேயே அவர் சொன்ன இன்னொரு சேதிதான் பயணம் முழுக்கக் கூடவே வந்தது. “செவப்பா இருந்தாப் பரவால்ல தம்பி. பச்சை பிடிச்சாத்தான் வாடை வந்துரும், அப்புறம் குடிக்க ஆகாது.”

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. செம்மண் கலங்கல் வெளிச்சத்தை மேலேயே மறித்துவிடும். வெளிச்சம் இல்லாத தண்ணீரில் பாசி பெருக முடியாது. அதோடு இந்த ஊருணிக்குள் சாணமும் சோப்பும் போவதில்லை, ஆகவே பாசிக்குத் தீனியும் இல்லை. காலை நனைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது. அதற்காக ஊருணித் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. குடிநீரில் கலங்கல் அளவு 1 என்.டி.யூ.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு அது) இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கிருமிகள் மண் துகளின் மறைவில் ஒட்டிக்கொண்டு தப்பித்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆத்தா வீட்டிலும் தெளிய வைத்துக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள்.

திருப்பத்தூர் போகும் வழியில் ஒரு கண்மாயில் ஒருவழியாகத் தட்டு நனைந்தது. கண்மாய் பெரியது, கரையில் ஏறி நின்றால் மறுகரை லேசாகத்தான் தெரியும். தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்தது. மீன் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களாம்; மீன் சீக்கிரம் பெருக்க வேண்டும் என்று கோழிக் கழிவும் சாணமும் கொட்டுகிறார்கள் என்று மடைப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். தட்டை இறக்கினேன். இரண்டாவது முடிச்சு நனையும் முன்பே காணாமல் போய்விட்டது.

“நாங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அடியில வேலம்பாசி கிடக்கறது தெரியும் அண்ணே. காலுல சுத்தும்.” வேலம்பாசி என்ற அந்த நீர்ச்செடி இப்போது இல்லை. இதற்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது, ஆழம் குறைந்த நீர்நிலைகளை ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்கப் பார்த்தது. அடியில் வேரூன்றிய நீர்ச்செடிகள் இருக்கும்வரை அவை மண்ணைப் பிடித்து வைக்கும், அலையைத் தணிக்கும், பாசியை மேயும் நுண்ணுயிர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் தரும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் செடிக்கு வெளிச்சமும் கிடைக்கும். உரச்சத்து அளவுக்கு மீறி வந்து சேர்ந்தால் மிதக்கும் பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கிறது, செடி சாகிறது, பிடிமானம் போன மண்ணைக் காற்றே கலக்கிவிடுகிறது, கலங்கலில் புதுச் செடி முளைக்க முடியவில்லை. ஒருமுறை இந்தப் பக்கம் புரண்டுவிட்டால் சாணம் கொட்டுவதை நிறுத்தினால்கூடத் தண்ணீர் சீக்கிரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம்.

அவர் கூடையில் கிடந்ததில் பாதி ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீனான இதை 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள், இங்கிருந்து அதிக தூரம் இல்லை. தரையில் குழி பறித்துத்தான் அது முட்டையிடும். ஆயிரக்கணக்கில் பறித்தால் அடிமண் எங்கே சும்மா கிடக்கும்? பார்வையால் வேட்டையாடும் விராலுக்குக் கலங்கல் தொந்தரவு. மீசையால் தடவித் தேடும் கெளுத்திக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பச்சைத் தண்ணீரில் வேறொரு ஆபத்தும் உண்டு. பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்னால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்மாய்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இதே கண்மாயின் ஒரு மூலையில் வெங்காயத்தாமரை அடைத்துக் கிடந்தது. அதை விலக்கித் தட்டை இறக்கினால் அங்கே தண்ணீர் தெளிவு! நடுக் கண்மாயைவிட எவ்வளவோ தெளிவு. மேலே இலை மூடியிருப்பதால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாததால் பாசி இல்லை, காற்று படாததால் அலையும் இல்லை. ஆக்சிஜனும் இல்லை, முகர்ந்து பார்த்தாலே தெரிந்தது. தட்டு மட்டும் வைத்துக்கொண்டு மார்க் போட்டால் அந்த அழுகல் மூலைதான் முதல் மார்க் வாங்கும்.

வேட்டங்குடியில் தட்டை வெளியே எடுக்கவே இல்லை. பறவைகள் கூடு கட்டியிருக்கிற இடத்தில் அந்த வேலை கூடாது. வேட்டங்குடிக் கண்மாயும் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் சேர்ந்து 1977 முதல் சரணாலயம், மொத்தமே 38.4 ஹெக்டேர். பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை ஊர்க்காரர்களிடம் கேட்டால் ‘இதில் என்ன இருக்கிறது’ என்பதுபோல் பார்க்கிறார்கள்.

கரையில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தபோது பறவைகளே தண்ணீரை அளப்பது தெரிந்தது. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் அலகால் துழாவி, தட்டுப்படுவதைக் கவ்வுகிறவை. கலங்கல் அவற்றுக்குத் தடை இல்லை. பாம்புத்தாரா அப்படி இல்லை. தண்ணீருக்குள் முங்கி, மீனைக் கண்ணால் பார்த்துக் கழுத்தை வீசிக் குத்தும். நீர்க்காகமும் துரத்திப் பிடிக்கிற ஜாதி. ஒரே கருவேலமரத்தில் கூடு கட்டிக்கொண்டு இரை தேடுவதற்கு வேறு வேறு தண்ணீருக்குப் பறந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். சரணாலயத் தண்ணீரே எச்சத்தால் பச்சை ஏறித்தான் இருக்கும். வயலுக்குப் பாயும்போது அது உரம் என்று விவசாயிகளுக்குத் தெரியும். இங்கே கொட்டுகிறது பறவை, அங்கே குத்தகைதாரர். பாசிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பறவை பங்குனிக்குள் கிளம்பிவிடும், கண்மாயும் கோடையில் காய்ந்து வெடித்துவிடும்.

அப்புறம் கடலோரம். செட்டிநாட்டுக் கண்மாய்களின் மறுகால் தண்ணீர் மணிமுத்தாறு, பாம்பாறு என்று கிழக்கே போய்ப் பாக் விரிகுடாவில் முடியும். அதற்குத் தெற்கே கோட்டக்கரையாறு கடலில் சேரும் காரங்காட்டுக்குத் தேவகோட்டை, திருவாடானை, தொண்டி வழியாகப் போனேன். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். படகோட்டி அண்ணன் என் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானே கயிற்றை வாங்கி இறக்கினார்.

முகத்துவாரத்தில் ஊருணியின் கணக்கு தலைகீழ். நன்னீரில் நாள்கணக்கில் மிதந்த களிமண், உப்புத் தண்ணீரைத் தொட்டதும் பால் திரிவது போலத் திரிந்துவிடும். துகள்களின் மின்னேற்றத்தை உப்பு மட்டுப்படுத்திவிடுகிறது. தேற்றாங்கொட்டை பானைக்குள் செய்வதைக் கடல் ஆற்று வாயில் செய்கிறது. ஆனால் ஏற்ற இறக்க நீரோட்டம் அதைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுவதால் ஆறும் கடலும் உரசுகிற இடத்தில்தான் கலங்கல் அதிகம். அங்கே தட்டு ஒரு சாணில் மறைந்தது. அலையாத்தியின் மூச்சுவேர்களுக்கு நடுவே ஓட்டம் தளர்ந்து சேறு படிகிறது, காட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போகப் போக முடிச்சுகள் கூடின. “கலங்கல்ல தான் எறா வரும். தெளிஞ்சிருச்சுன்னா வலையப் பாத்து மீனு ஒதுங்கிரும்” என்றார் படகோட்டி. குஞ்சு மீனும் இறாலும் பெரிய மீனின் கண்ணுக்குத் தப்ப அந்தக் கலங்கல்தான் திரை. இந்த இடம் கண்ணாடியாகத் தெளிந்தால் அவர் தொழில் படுத்துவிடும்.

காட்டுக்கு வெளியே, ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் தரையில் கடற்புல் விரிந்து கிடக்கிறது. அது பாசி இல்லை, பூத்துக் காய்க்கிற செடி. மிதவைப் பாசிக்கு மேற்பரப்பு வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு போதும். கடற்புல்லுக்குப் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆகவே கலங்கல் கொஞ்சம் கூடினாலும் முதலில் அடிபடுவது அதுதான். ஆவுளியா என்கிற கடற்பசுவுக்குக் கிட்டத்தட்ட வேறு தீனி கிடையாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கோட்டுக்குள் விலங்கைக் காப்பது ஒரு பக்கம், இழுவை மடி கிளப்பும் சேற்றையும் கரையில் இருந்து இறங்கும் இறால் பண்ணைக் கழிவையும் கட்டுப்படுத்தாமல் புல்லுக்கு வெளிச்சம் எப்படிப் போகும் என்று எனக்குப் புரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வேட்டங்குடிக்குக் கார்த்திகையில் இருந்து மாசி வரை, காலை வெயில் ஏறும் முன். காரங்காட்டில் நீர் ஏற்றம் இருக்கும் நேரத்தைப் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், வற்று நேரத்தில் படகு உள்ளே போகாது. வாடைக் காலத்தில் பாக் விரிகுடா கலங்கித்தான் கிடக்கும். கடற்புல்லைப் படகில் இருந்தே பார்க்க ஆசைப்பட்டால் காற்று ஓய்ந்த பங்குனி, சித்திரை நல்லது, தொப்பி அவசியம். நண்டுக் குழம்பு வேண்டும் என்றால் படகு ஏறும்போதே சொல்லிவிடுங்கள், திரும்பி வந்து கேட்டால் நேரம் ஆகும். தட்டு கொண்டுபோகிறவர்கள் குடிக்கிற ஊருணிப் பக்கம் மட்டும் அதை வெளியே எடுக்க வேண்டாம்.